நாக்கு சாரின் பல்

அந்த ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் எண்பது பேருக்குக் கை இருந்தது, கால் இருந்தது. நாக்கு ஒருவருக்குத்தான் இருந்தது. அவரை எல்லோரும் நாக்கு சார் என்றே அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. விசிட்டிங் கார்டில் 'தலைமைச் சுவைஞர்' என்று அச்சடித்துக் கெடுத்துவிட்டார்களே என்ற ஒரு குறைதான்.

தினமும் பதினொரு மணிக்கு சுவை அறை திறக்கும். வெள்ளை மேஜை, ஏழு நாற்காலிகள். ஆறுக்குக் கை கிடையாது. தலைமாட்டில் இருக்கும் ஏழாவதுக்கு மட்டும் கையும் உண்டு, மெத்தையும் உண்டு. குளிர் அறையிலிருந்து அன்றைய சரக்கில் ஒரு டப்பா வரும். நாக்கு சார் கண்ணை மூடுவார், கடிப்பார், கண்ணைத் திறப்பார். "ஏலக்காய் பழசு" என்பார். ஏலக்காய் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் பழசாகத்தான் இருக்கும். மற்ற ஆறு பேரும் "ஆமா சார், பழசுதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். இதற்குப் பெயர் சுவைக்குழு.

அவர் கடிப்பார் என்பது முக்கியம். கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துச் சப்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "சப்புறது குழந்தை வேலை. முன்பல்லால கடிக்கணும். பல்லு கதவைத் திறந்தாத்தான் நாக்கு வாசல்ல நிக்கும்" என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் நடத்துவார். பாடத்தின் இரண்டாம் பகுதி பல் பராமரிப்பு. கடையில் கிடைப்பதிலேயே முரட்டு பிரஷ், ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம். "கை வலிக்கணும். வலிக்கலைன்னா பல்லு சுத்தமாகலைன்னு அர்த்தம்."

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை வெனிலாவைக் கடித்தார்.

கடித்த கணத்தில், கீழ்வரிசை இடது பக்கத்திலிருந்து ஒரு மின்னல் புறப்பட்டு, தாடையைத் தாண்டி, காதுக்குள் நுழைந்து, மண்டையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் கண்கள் தாமாக மூடின. கைகள் நாற்காலியின் கைகளைப் பிடித்தன. வாயைத் திறந்தால் அலறல் வரும் என்று தெரிந்ததால் திறக்கவில்லை. ஆறு பேரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் பயபக்தியோடு எழுந்து நின்றார், மற்றவர்களும் நின்றார்கள்.

மின்னல் இறங்கியது. கண்ணைத் திறந்த நாக்கு சார், தன் முன்னால் நிற்கும் ஆறு பேரையும் பார்த்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"பொறுமை" என்றார்.

"சார்?"

"ஃப்ரீசர்ல இருந்து வந்த உடனே அது மேல பாயறோம். தூங்கி எழுந்தவன்கிட்ட கணக்கு கேக்கற மாதிரி. அது முழிக்கணும். பன்னிரண்டு நிமிஷம்."

ஏன் பன்னிரண்டு என்று அவருக்கே தெரியாது. பத்து என்றால் யோசிக்காமல் சொன்னது போலிருக்கும், பதினைந்து என்றால் மதிய உணவு தள்ளிப்போகும். பன்னிரண்டில் ஓர் ஆராய்ச்சி வாசனை அடித்தது. பெரும்பாலான தத்துவங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. எங்கேயோ வலிக்கும், அதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும்.

அன்று மாலையே சுற்றறிக்கை போயிற்று. சுவை அறையில் புதுக் கடிகாரம் மாட்டினார்கள். முதலாளிக்கு இந்தப் பன்னிரண்டு நிமிடம் அவ்வளவு பிடித்துப்போய், டப்பா மூடிகளிலேயே அச்சடிக்கச் சொல்லிவிட்டார்: 'திறந்தபின் பன்னிரண்டு நிமிடம் பொறுத்து உண்க.' சுவைக்குழுவோ இந்தத் தத்துவத்தைத் தண்ணீரில் விழுந்தவன் கட்டையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டது. தான் சொன்னதை இத்தனை வேகமாக உலகம் புரிந்துகொண்டது நாக்கு சாருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால் புகழ் வரும்போது காரணம் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

ஒரே ஓர் ஆள்தான் முரண்டு பிடித்தாள். தரப் பரிசோதனைக்காரி. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு வெப்பமானி துருத்திக்கொண்டிருப்பதால் அவளுக்குத் தெர்மாமீட்டர் மேடம் என்று பெயர். பரிசோதனைக்காரர்கள் அளக்கலாம், சுவைக்கக் கூடாது என்பது நாக்கு சாரே போட்டிருந்த சட்டம். அதனால் அவள் சுவர் ஓரமாக நிற்பாள்.

"சார், பன்னிரண்டு நிமிஷம் வெச்சா அது ஐஸ்கிரீம் இல்ல, பால்" என்றாள்.

"மேடம், உங்க குச்சி சூட்டை அளக்கும். ருசியை அளக்குமா?"

ஆறு பேரும் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றிலிருந்து இரண்டரை மாதம், தினமும் பதினொன்றே காலுக்கு, ஏழு பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து உருகிய இனிப்புப் பாலைக் கரண்டியால் குடித்து 'அருமை' என்று எழுதினார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. நாக்கு சாரின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளப்பவள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை உற்றுப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே.

"என்னங்க, ரெண்டு மாசமா வண்டியில போகும்போது வாயே திறக்கறதில்ல. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் காரணம் தெரியணுமில்ல?"

"காத்து."

"காத்துக்கு என்ன?"

"குளிர் காத்து வாய்க்குள்ள போகக் கூடாது. நாக்கோட நுட்பம் போயிடும்."

"வலப் பக்கமா மட்டும் மெல்றீங்களே, அதுவும் நுட்பமா? ஃப்ரிட்ஜ் தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சு? நேத்து தக்காளித் துண்டு ஒண்ணைக் கடிச்சிட்டு அழுதீங்க."

"அழலை. கண்ணுல விழுந்துச்சு."

"வாயில போட்டது கண்ணுல விழுந்துச்சா?"

நாக்கு சார் பேச்சை முடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பல் கூசுகிறது என்றால் பல் அழுக்கு. அழுக்கு என்றால் தேய்க்க வேண்டும். இது அவருடைய மருத்துவம். மூன்று முறை நான்கு முறையானது. பிரஷுக்கு முன்னால் எலுமிச்சம்பழத் தோலால் ஒரு தடவை. கதவுக்கு வெளியே நின்று கேட்டால் யாரோ மரம் இழைப்பது போலிருக்கும். "சீக்கிரம் வாங்க, மேஜைக்குக் கால் போட்டு முடிச்சாச்சா?" என்று அவள் கேட்பாள். பிரஷின் நார்கள் வாங்கிய மூன்றாம் நாளே நாலாபக்கமும் மல்லாந்து படுத்துவிடும். அவர் அதைத் தன் ஆரோக்கியத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. 'உங்கள் ஐஸ்கிரீமில் மணல்.' 'என் மகன் உப்பா என்று கேட்கிறான்.' 'நறநறவென்கிறது, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.' நாக்கு சார் எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே பதில் எழுதினார்: தாங்கள் மூடியைப் படிக்கவில்லை போலும்.

கடைசியாக வந்த கடிதத்துக்கு அப்படி எழுத முடியவில்லை. அது சரக்கில் பாதியை எடுக்கிற மொத்த வியாபாரியிடமிருந்து வந்தது. இன்னொரு புகார் வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக இரண்டே வரி. முதலாளி அந்தக் கடிதத்தோடு சுவை அறைக்கு வந்தார். அது ஒரு திங்கட்கிழமை.

"வெள்ளிக்கிழமை நானும் உக்காரறேன். பன்னிரண்டு நிமிஷமெல்லாம் வேண்டாம். ஜனங்க எப்படித் திங்கறாங்களோ அப்படி. ஃப்ரீசர்ல இருந்து நேரா வாய்க்கு. குறை கலவையில இருக்கா, குளிர்ல இருக்கான்னு நீங்க சொல்லணும். கலவைன்னா கலவை மேஸ்திரி வீட்டுக்குப் போறான். குளிர்ன்னா குளிர் அறையைப் பிரிச்சுப் பாக்கறோம்."

"கண்டிப்பா சார்."

"சொல்லத் தெரியலைன்னா, இந்த நாற்காலிக்கு வேற நாக்கு தேடிக்கறேன். வருத்தப்படாதீங்க."

வருத்தப்படாதீங்க என்று சொன்னதைக் கேட்டதும்தான் நாக்கு சார் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு அவர் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அதாவது, உண்மையின் ஓரத்தைச் சொன்னார்: "லேசா கூசற மாதிரி ஒரு இது." அவள் மறுநாள் காலை முதல் ஆளாகப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

பல் மருத்துவர் ஒரு சிறிய பெண்மணி. குரல் அதைவிடச் சிறியது. நாக்கு சார் நாற்காலியில் சாய்ந்ததும் தன் பதவியையும் அதன் பெருமையையும் அறிமுகம் செய்யத் தொடங்கினார். மருத்துவர் அவர் வாயில் சின்னக் கண்ணாடியை விட்டதால் அது "ஆ, ஆ" என்பதோடு நின்றுபோயிற்று. அவள் ஒரு பல்லின் அடியில் மெல்லக் காற்றை ஊதினாள். நாக்கு சார் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பி இறங்கினார்.

"லேசாத்தான் கூசுது போல" என்றாள் மனைவி.

மருத்துவர் மேஜையில் மாதிரிக்கு வைத்திருந்த மாவுப் பல்வரிசையையும் ஒரு பிரஷையும் அவர் கையில் கொடுத்தாள். "வீட்ல எப்படித் தேய்ப்பீங்களோ அப்படித் தேய்ச்சுக் காட்டுங்க."

தன் திறமையைக் காட்டச் சொன்னால் மறுப்பவர் அல்ல அவர். சட்டையின் கையை மடக்கிவிட்டுக்கொண்டு தேய்த்தார். மாவுப் பல்வரிசை மேஜையைச் சுற்றி ஓடியது. வெள்ளைத் தூள் பறந்தது.

"போதும் சார், போதும். நான் எங்க வீட்டு கேட்டுல துரு எடுக்கறதே இதைவிட மெதுவாத்தான்."

"சுத்தம்..."

"பல்லுக்கு மேல ஒரு கெட்டி ஓடு இருக்கு. ஈறு, போர்வை மாதிரி அடிப்பக்கத்தை மூடியிருக்கும். நீங்க வருஷக்கணக்கா தேய்ச்சு ஓட்டையும் கரைச்சிட்டீங்க, போர்வையையும் கீழ இறக்கிட்டீங்க. பாருங்க." கைக்கண்ணாடியைக் காட்டினாள். பல்லின் அடியில், வெள்ளை முடிந்த இடத்துக்குக் கீழே, மஞ்சளாக ஒரு பட்டை தெரிந்தது. "இது வெளிய தெரியவே கூடாத இடம். இதுல கண்ணுக்குத் தெரியாத துளைங்க ஆயிரக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணும் உள்ள நரம்பு வரைக்கும் போகுது. குளிரு, புளிப்பு, காத்து எது பட்டாலும் நேரா உள்ள தகவல் போயிடும்."

"அப்ப என் பல்லு பலவீனம்னு சொல்றீங்களா?"

"உங்க பல்லு பலமாத்தான் இருக்கு சார். உங்க கை அதைவிட பலமா இருக்கு."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"எலுமிச்சம்பழமும் தேய்க்கறார் டாக்டர்" என்று ஜன்னலைப் பார்த்தபடியே போட்டுக்கொடுத்தாள்.

மருத்துவர் கண்ணை மூடித் திறந்தாள். "புளிப்பு அந்தக் கெட்டி ஓட்டை இளக்கிடும். இளகின உடனே பிரஷைப் போட்டா வழிச்சுக்கிட்டு வந்திடும். புளிப்பா ஏதாவது சாப்பிட்டா தண்ணியில கொப்பளிச்சிட்டு ஒரு மணி நேரம் பிரஷைத் தொடாதீங்க. எலுமிச்சை சமையலுக்கு மட்டும் இருக்கட்டும். மிருதுவான பிரஷ், ரெண்டே வேளை, ரெண்டே நிமிஷம். பேனா பிடிக்கற மாதிரி மூணு விரல்ல பிடிங்க. கூச்சத்துக்குன்னு பேஸ்ட் எழுதித் தரேன். துப்புங்க, ஆனா தண்ணி ஊத்திக் கொப்பளிக்காதீங்க. அது பல்லு மேல தங்கினாத்தான் அந்தத் துளைங்களை அடைக்கும். இன்னிக்கு நான் ஒரு பூச்சு பூசி விடறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள..."

"ஆறு வாரம், எட்டு வாரம். பல்லுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது சார்." பூச்சைக் குழைத்துக்கொண்டே, "ஐஸ்கிரீம் கம்பெனின்னா சொன்னீங்க? அங்க பல் தேய்க்கச் சொல்லித் தர்ற யாரோ ஒரு பெரியவர் இருக்காராமே, அவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"பேரு சொல்லமாட்டேன். உங்களோட சேத்து இந்த ரெண்டு மாசத்துல அஞ்சு பேர் ஆச்சு. எல்லாருக்கும் இதே இடம், இதே தேய்மானம். வெளிய சொல்லிடாதீங்க டாக்டர், வேலை போயிடும்னு எல்லாரும் ஒரே பாட்டு."

நாக்கு சார் வாயைத் திறந்தபடியே இருந்தார். அதற்கு மருத்துவர் கேட்டுக்கொண்டது மட்டும் காரணம் அல்ல. தன் தத்துவத்தை உலகம் ஏன் அத்தனை வேகமாக ஏற்றுக்கொண்டது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இரண்டரை மாதமாக ஏழு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது ரசிகர்கள் அல்ல. நோயாளிகள்.

புதனும் வியாழனும் அவர் தன் குழுவைக் கவனித்தார். ஒருவர் தேநீரை ஆறவைத்துக் குடித்தார். ஒருவர் தண்ணீர் பாட்டிலை அக்குளில் வைத்துச் சூடாக்கினார். ஏசிக்கு நேரே உட்கார்ந்தவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தும்மல் வருகிறது என்றார். இரண்டு நாளாக அந்தத் தும்மல் வந்துகொண்டே இருந்தது. கேட்டுவிடலாமா என்று இரண்டு முறை அவர் பக்கம் போனார். கேட்டால் முதலில் தன் வாயைத் திறக்க வேண்டும். திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பதில் ஒரு பொய் தயார் செய்துகொண்டார். வெள்ளிக்கிழமை வலியைப் பொறுத்துக்கொண்டு கடிப்பது. கடித்ததும் 'கலவை' என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவது. குழு ஆமாம் போடும். கலவை மேஸ்திரி எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். நாற்காலி தப்பும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. முதலாளி வந்து உட்கார்ந்தார். கலவை மேஸ்திரியை வரச் சொல்லியிருந்ததால் அவர் தலையுறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் கையில் நேற்றைய கலவையின் மஞ்சள் கறை இன்னும் இருந்தது. தெர்மாமீட்டர் மேடம் சுவர் ஓரம். டப்பா புகைந்துகொண்டு வந்தது.

முதலாளி முதலில் ஒரு கட்டி எடுத்து வாயில் போட்டு மென்றார். முகத்தில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. உடனே அதை அவசரமாக விழுங்கினார். "ம். நீங்க எல்லாரும் பாருங்க" என்றார்.

முதல் உறுப்பினருக்கு அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. மணி அடிக்கவில்லை, இருந்தாலும் வந்தது. இரண்டாமவர் தும்மினார். மூன்றாமவர் கட்டியைக் கரண்டியோடு மூக்குக்குக் கொண்டுபோய் ஆழமாக முகர்ந்து, "மூத்தவங்க முதல்ல" என்று தலைமாட்டைக் காட்டினார். மற்ற மூவரும் அந்த மரியாதையை வழிமொழிந்தார்கள்.

நாக்கு சார் கடித்தார்.

பூச்சு கொஞ்சம் தாங்கியது, கொஞ்சம்தான். மின்னல் அதே பாதையில் ஏறி, பழக்கப்பட்ட விருந்தாளி மாதிரி உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. அந்த வெளிச்சத்தில் மணலும் தெரியவில்லை, பாலும் தெரியவில்லை, வெனிலாவா மண்ணெண்ணெயா என்றுகூடத் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக எந்த வாயை நம்பி ஒரு தொழிற்சாலை நடந்ததோ அந்த வாயில் வலி ஒன்றைத் தவிர வேறு செய்தி இல்லை.

"சொல்லுங்க. கலவையா, குளிரா?"

வாயைத் திறந்தார். 'க' வரைக்கும் வந்தது. வாசலில் நின்றவர் தலையுறையைப் பிழிந்துகொண்டிருந்தார், ஈரமே இல்லாத தலையுறையை.

"கூ..." என்றார் நாக்கு சார்.

"என்னது?"

"கூசுது சார். பல்லு கூசுது. கலவையா குளிரான்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு மட்டுமில்ல. ரெண்டரை மாசமா தெரியாது."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஃபோன் வந்தவர் ஃபோனை மேஜையில் வைத்தார். "எனக்கும் சார்." தும்மல்காரர் கைக்குட்டையை எடுத்தார். "எனக்கு நாலு மாசமா." முகர்ந்தவர், "எனக்கு மேல் வரிசை ஃபுல்லா" என்றார், ஏதோ சொத்துக் கணக்கு சொல்வது போல. கடைசியில் ஒருவர் மட்டும், "எனக்கு அவ்வளவா இல்ல சார், ஆனா எல்லாரும் உருகினதைச் சாப்பிட்டாங்க, அதான் மரியாதைன்னு நினைச்சேன்" என்றார்.

முதலாளி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுல நறநறன்னு ஏதாவது சத்தம் வருதா?" என்றார்.

"உங்களுக்கு வந்துச்சா சார்?"

"வந்துச்சு. ஒரு மாசமா வருது. என் செட்டுப் பல்லு லூஸாயிடுச்சுன்னு நினைச்சேன்."

முதலாளிக்குச் செட்டுப் பல் என்பது அந்த அறையில் அதுவரை யாருக்கும் தெரியாது. இப்போது தெரியாதது போல எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"சொந்தப் பல்லு, கூசாத பல்லு, யாருக்காவது இருக்கா இங்க?" என்று அவர் கத்தினார்.

தெர்மாமீட்டர் மேடம் சுவரை விட்டு வந்தாள். சட்டத்தைப் போட்டவரைப் பார்த்தாள். நாக்கு சார் தன் கரண்டியைத் துடைத்து அவளிடம் நீட்டினார். அவள் கடித்தாள். நறுக்கென்ற சத்தம் மேஜைக்கு மறுபக்கம் வரை கேட்டது.

"கலவை நல்லா இருக்கு. இது ஐஸ் கல்லு. மூணாம் நம்பர் குளிர் அறைக் கதவோட ரப்பர் கிழிஞ்சிருக்கு. மத்தியானம் சரக்கு இளகுது, ராத்திரி திரும்ப இறுகுது. இளகி இறுகினா தண்ணி கல்லாகிடும். உருக வெச்சுக் குடிச்சா அந்தக் கல்லு எப்படித் தெரியும்? அஞ்சு தடவை ரிப்போர்ட்ல எழுதினேன்."

"நான் ஏன் பாக்கலை?" என்றார் முதலாளி.

"ரிப்போர்ட்டுக்கு மேல 'அருமை'ன்னு ஏழு கையெழுத்து இருந்துச்சு சார்."

கலவை மேஸ்திரி தலையுறையைத் தலையில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டார். அன்று மாலைக்குள் ரப்பர் மாறியது. மூடியிலிருந்த வாசகம் போயிற்று. முதலாளி தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார்: பல் சரியாகும் வரை கை வைத்த நாற்காலி மேடத்துக்கு, அப்புறம் பார்க்கலாம். சுவைக்குழு முழுவதும் பல் மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்கிவர வேண்டும். கடைசியில் நாக்கு சாரைத் தனியே அழைத்து, "அந்த டாக்டர் செட்டுப் பல்லும் பாப்பாங்களா?" என்று கேட்டார்.

அடுத்த எட்டு வாரமும் நாக்கு சார் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தை மெதுவாகச் செய்தார். மூன்று விரலில் மிருதுவான பிரஷ். இரண்டு நிமிடம். முதல் வாரம் பல் தேய்த்த மாதிரியே இல்லை என்று புலம்பினார். மனைவி, "உள்ள இருக்கீங்களான்னே தெரியலைங்க, அப்பப்ப இருமுங்க" என்றாள். பேஸ்டைத் துப்பிவிட்டுக் கொப்பளிக்காமல் வருவது அவருக்குப் பெரிய தவம். குழாயைத் திறக்கப் போகும் கை பாதியில் நின்று திரும்பும். நான்காம் வாரம் ஒரு தக்காளித் துண்டு கண்ணீர் இல்லாமல் இறங்கியது. ஆறாம் வாரம் வண்டியில் போகும்போது வாய் திறந்தது. அன்று சிக்னலில் நின்றபோது மனைவி பின்னாலிருந்து, "டாக்டர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்களோ" என்றாள்.

ஒன்பதாம் வாரம் திங்கட்கிழமை, பதினொரு மணி. நாக்கு சார் புதிதாகப் போட்ட கை இல்லாத எட்டாவது நாற்காலியில், மேஜையின் கடைக்கோடியில் உட்கார்ந்திருந்தார். புகைகிற வெனிலா சுற்றி வந்தது. ஓரத்தில் ஒரு துளி அளவு, முன்பல்லால் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். மின்னல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கடித்தார். எங்கோ தூரத்தில் ஒரு சின்ன முணுமுணுப்பு, அவ்வளவுதான். பிறகு அது வந்தது: குளிர், அதன் பின்னால் பால், பாலின் பின்னால் வெனிலா, வெனிலாவின் பின்னால் ஏதோ ஒன்று. அவர் மூச்சை இழுத்தார். தொண்டையைச் செருமினார். ஆறு பேரும் பழைய வழக்கத்தில் பேனாவைத் திறந்தார்கள்.

"பால் பவுடர் ஒரு பிடி அதிகம்" என்றார். "நேத்து ராத்திரி ஷிஃப்ட்."

தெர்மாமீட்டர் மேடம் தானும் ஒரு வாய் கடித்தாள். கொஞ்சம் யோசித்தாள். இன்னொரு வாய் கடித்தாள். அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. நாக்கு சார் நாற்காலியில் சாய்ந்து, கையை வைத்துக்கொள்ள இடம் தேடினார். அங்கே ஒன்றும் இல்லாததால் மடியில் வைத்துக்கொண்டார்.

மேடம் பதிவேட்டைத் திருப்பி, அன்றைய பக்கத்தின் அடிப்பகுதியில், 'இதர கருத்துகள்' என்ற கட்டத்தில் அதைத் தெளிவான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு அடுத்தவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தோணுது?" என்றாள்.